ஸ்பெயினில் ஊர் சுற்ற: எங்கே ரயில், எங்கே பேருந்து, எங்கே கார்

மாட்ரிட் நகரின் நடுவே, புவெர்தா தெல் சோல் சதுக்கத்து நடைபாதையில், ‘கிலோமீட்டர் பூஜ்யம்’ என்பதைக் குறிக்கும் கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பெயினின் ஆறு முதன்மைச் சாலைகள் அங்கிருந்தே அளக்கப்படுகின்றன. ஏ-1 வடக்கே புர்கோஸ் நோக்கியும், ஏ-2 சரகோசா வழியாகப் பார்சிலோனாவுக்கும், ஏ-3 வாலென்சியாவுக்கும், ஏ-4 கோர்தோபா, செவில்லா வழியாகக் காதிஸுக்கும், ஏ-5 மேற்கே படாஹோஸுக்கும், ஏ-6 வடமேற்கே ஆ கொருன்யாவுக்கும் செல்கின்றன. அதிவேக ரயில் பாதைகளும் பெரும்பாலும் இதே வார்ப்பில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல மாட்ரிட்டிலிருந்து விரிகின்றன. எனவே மாட்ரிட்டிலிருந்து எந்தப் பெருநகருக்கும் விரைந்து போய்விடலாம். ஆனால் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் குறுக்காகப் போக நினைத்தால், வரைபடத்தில் அருகில் தெரியும் ஊர்கூட அரைநாளை விழுங்கிவிடும்.

முதன்முறை செல்பவர்கள் பயணம் முழுவதற்கும் காரா, ரயிலா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளப் பார்க்கிறார்கள். அது தேவையற்ற கட்டுப்பாடு என்பது என் உறுதியான கருத்து. பெருநகரங்களுக்கு இடையே ரயில், ரயில் தொடாத சிற்றூர்களுக்குப் பேருந்து, மலைக்கிராமங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் வாடகைக் கார் என்று பிரித்துக்கொண்டால் செலவும் அலைச்சலும் ஒருங்கே குறையும்.

முதல் படி: ஊர்களைப் பிரித்து எழுதுங்கள்

பார்க்க விரும்பும் இடங்களை ஒரு தாளில் எழுதி, அதிவேக ரயில் நிற்கும் ஊர்களை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமும் பிரித்துக்கொள்ளுங்கள். மாட்ரிட், பார்சிலோனா, சரகோசா, வாலென்சியா, கோர்தோபா, செவில்லா, மலாகா, கிரனாடா, டோலெடோ, செகோவியா ஆகியவை முதல் பக்கத்தில் சேரும். அந்தலூசியாவின் வெள்ளைக் கிராமங்களான கிராசலேமா, சஹாரா தெ லா சியெர்ரா, செத்தெனில் போன்றவையும், அஸ்தூரியாஸ், கலீசியா மாநிலங்களின் மலையோர, கடலோரச் சிற்றூர்களும் இரண்டாம் பக்கத்தில் வரும்.

எடுத்துக்காட்டாக, பத்து நாள் கையில் இருப்பவர் மாட்ரிட்டில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்தே டோலெடோவுக்கு ஒரு பகல் சென்று திரும்பலாம். பிறகு ரயிலில் கோர்தோபாவுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து செவில்லாவுக்கு முக்கால் மணி நேரம். செவில்லாவைக் கால்நடையாகப் பார்த்து முடித்த பிறகு, ஊரைவிட்டுக் கிளம்பும் நாளின் காலையில் கார் எடுத்து, வெள்ளைக் கிராமங்கள் வழியாக ரோந்தாவில் ஓர் இரவு தங்கி, மலாகாவில் காரை ஒப்படைத்துவிட்டு ரயிலில் மாட்ரிட் திரும்பலாம். ஓர் ஊரில் எடுத்த காரை வேறோர் ஊரில் விடுவதற்குத் தனிக்கட்டணம் உண்டு என்பதால், முன்பதிவின்போதே அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாம் படி: ரயில் சீட்டு எடுத்தல்

ஏவே எனப்படும் அதிவேக ரயில் 1992-இல், செவில்லாவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி, மாட்ரிட்டுக்கும் அந்நகருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பார்சிலோனா வரையிலான பாதை 2008-இல் முழுமை பெற்றது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தொலைவை விரைவு வண்டிகள் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கடக்கின்றன. ஸ்பெயினின் பழைய பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையே 1,668 மில்லிமீட்டர் அகலம். அதிவேகப் பாதைகளிலோ ஐரோப்பாவில் பரவலாக உள்ள 1,435 மில்லிமீட்டர். இரண்டு பாதைகளிலும் ஓடவேண்டிய சில வண்டிகள் ஒரு தனி அமைப்பின்மீது மெதுவாக ஊர்ந்து, பயணிகள் இறங்காமலேயே சக்கர அகலத்தை மாற்றிக்கொள்கின்றன. நடுவழியில் ரயில் நடைவேகத்துக்குக் குறைந்தால் அது இதற்காகவும் இருக்கலாம், பதற வேண்டாம்.

இப்போது முதன்மை வழித்தடங்களில் மூன்று நிறுவனங்கள் வண்டி ஓட்டுகின்றன. அரசு நிறுவனமான ரென்ஃபே ஏவே வண்டிகளையும், ஆவ்லோ என்ற மலிவுக் கட்டண வண்டிகளையும் இயக்குகிறது. பிரான்சிலிருந்து வந்த வீகோ 2021-இலும், இர்யோ 2022-இலும் களமிறங்கின. கட்டணம் விமானச் சீட்டைப்போலத் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால், நாள் உறுதியானவுடன் மூன்றையும் ஒப்பிட்டு வாங்கிவிடுவது நல்லது. மலிவுக் கட்டணச் சீட்டுகளில் பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் வரம்பு இருக்கும். இரண்டு பெரிய சூட்கேஸ்களோடு பயணம் செய்யும் குடும்பம் அந்த விதிகளைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், ஆகஸ்ட் மாதத்தின் தொடக்கமும் முடிவும், நீண்ட வார இறுதிகள் ஆகியவற்றில் ஸ்பானியர்களே பெருந்திரளாக ஊர் செல்வார்கள். அந்த நாள்களுக்குச் சீட்டைத் தள்ளிப்போடவே கூடாது.

சீட்டில் நான்கு செய்திகளைப் பாருங்கள். முதலாவது நிலையத்தின் பெயர். மாட்ரிட்டில் அதோச்சா, சமார்த்தின் என்று இரண்டு பெரிய நிலையங்கள் உள்ளன. இரண்டிலிருந்தும் நெடுந்தூர வண்டிகள் புறப்படுகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நகரின் நீளமே இடைவெளி. இரண்டாவது நேரம், அது எப்போதும் இருபத்து நான்கு மணிக் கணக்கில் இருக்கும். மூன்றாவது பெட்டி எண். ஸ்பானிய மொழியில் காரையும் ‘கோச்சே’ என்பார்கள், ரயில் பெட்டியையும் ‘கோச்சே’ என்றே அச்சிடுவார்கள். நான்காவது உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும். நெடுந்தூரச் சீட்டுகள் பயணியின் பெயரிலேயே வழங்கப்படுவதால், அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிவேக வண்டிகளுக்கு நடைமேடைக்குள் நுழையுமுன் மூட்டை முடிச்சுகளை எக்ஸ்ரே சோதனையில் இட வேண்டும். வண்டி கிளம்புவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே வாயிலை அடைத்துவிடுவார்கள். கடைசி நொடியில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. அரைமணி முன்னதாகச் சென்றுவிட்டால், ‘பியா’ என்ற தலைப்பின்கீழ் தடத்தின் எண் பலகையில் தோன்றும்வரை அமைதியாகக் காத்திருக்கலாம். அதோச்சாவின் பழைய கூடத்துக்குள் வெப்பமண்டலத் தாவரங்களைக் கொண்ட ஒரு தோட்டமே இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தை அங்கே கழிப்பது ஓர் இன்பம்.

ஒரு கண்ணியை மட்டும் கவனிக்க வேண்டும். அதிவேகப் பாதை நேர்க்கோட்டில் செல்வதற்காக, சில ஊர்களின் நிலையங்களை ஊருக்கு வெளியே கட்டியிருக்கிறார்கள். மாட்ரிட்டிலிருந்து செகோவியாவுக்கு ரயில் அரைமணிக்குள் போய்விடும். ஆனால் இறங்குமிடம் வயல்வெளி நடுவில் உள்ள கியோமார் நிலையம், அங்கிருந்து ரோமானிய நீர்ப்பாலத்துக்கு இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். மொங்க்ளோவா முனையத்திலிருந்து புறப்படும் பேருந்து ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் நீர்ப்பாலத்துக்கு நடந்துபோகும் தொலைவிலேயே இறக்கிவிடுகிறது. கட்டணமும் குறைவு என்பதால், செகோவியாவைப் பொறுத்தவரை நான் பேருந்தையே பரிந்துரைப்பேன். குயென்காவுக்கும் தாரகோனாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டோலெடோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அழகிய பழைய நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்தே ஏறிவிடலாம்.

பெருநகரங்களைச் சுற்றியுள்ள புறநகர் வண்டிகளுக்குச் செர்கானியாஸ் என்று பெயர். கத்தலோனியாவில் ரொடாலியஸ் என்பார்கள். இவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. நிலைய இயந்திரத்திலேயே சீட்டு எடுக்கலாம்.

மூன்றாம் படி: பேருந்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

ஸ்பெயினின் வெளியூர்ப் பேருந்துகள் தூய்மையானவை, நேரம் தவறாதவை. ரயில் சுற்றிப் போகும் குறுக்கு வழிகளில் பல நேரம் முந்திக்கொள்பவை. ஆல்சா, அவான்சா ஆகிய இரண்டும் பெரிய நிறுவனங்கள். செவில்லாவிலிருந்து ரோந்தா போன்ற பயணங்களுக்குக் கார் இல்லாதவர் நம்ப வேண்டியது பேருந்தைத்தான். எந்த நிலையத்திலிருந்து என்பதை இங்கேயும் சரிபார்க்க வேண்டும். மாட்ரிட்டில் மெந்தெஸ் ஆல்வரோ அருகிலுள்ள தெற்கு நிலையம், அவெனிதா தெ அமெரிக்கா, மொங்க்ளோவா, பிளாசா எலிப்திக்கா என்று திசைக்கொரு முனையம் உண்டு. செவில்லாவிலும் பிளாசா தெ ஆர்மாஸ், பிராதோ தெ சான் செபாஸ்தியான் என இரண்டு.

கிராமப் பேருந்துகளின் கால அட்டவணையைப் படிக்கச் சில சொற்கள் போதும். ‘லபோராப்லெஸ்’ என்றால் வேலை நாள்கள், ‘சாபதோஸ்’ சனிக்கிழமைகள், ‘ஃபெஸ்தீவோஸ்’ என்பது ஞாயிறும் பொது விடுமுறைகளும். கிழமைகளை எல், எம், எக்ஸ், ஜே, வி, எஸ், டி என்று ஒற்றை எழுத்துகளில் குறிப்பார்கள். செவ்வாயும் புதனும் எம் என்ற எழுத்திலேயே தொடங்குவதால் புதனுக்கு எக்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். அந்த எக்ஸை ‘அன்று வண்டி இல்லை’ என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் பல சிற்றூர்களுக்கு வண்டி இல்லாத நாள் ஞாயிறுதான். திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே ஊருக்குள் நடக்கத் தொடங்குங்கள்.

நான்காம் படி: நகரத்துக்குள்

மாட்ரிட் மெட்ரோ 1919 முதல் ஓடுகிறது. ‘முல்தி’ என்ற சிவப்பு அட்டையை நிலைய இயந்திரத்தில் வாங்கி, அதில் பத்துப் பயணச் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். குடும்பத்தினர் ஒரே அட்டையை ஒருவர்பின் ஒருவராகக் காட்டி உள்ளே செல்லலாம். விமான நிலையத்துக்கு மெட்ரோவில் செல்ல 3 யூரோ கூடுதல் கட்டணம் உண்டு. காலை ஆறு மணி முதல் நள்ளிரவு ஒன்றரை மணி வரை வண்டிகள் ஓடும். இந்த மெட்ரோவில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவது நமக்குப் பழகிய காட்சியாக இருக்கும். மெட்ரோ கட்டப்பட்ட காலத்தில் மாட்ரிட்டின் தெருக்களிலும் இடப்பக்கப் போக்குவரத்தே இருந்தது.

பார்சிலோனாவில் நிலைமை வேறு. ‘டி-கஷுவால்’ என்ற பத்துப் பயணச் சீட்டை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். நால்வர் சென்றால் நான்கு வாங்க வேண்டும். முதல் மண்டலத்துக்குள் எழுபத்தைந்து நிமிடங்களுக்குள் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறினால் அது ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். விமான நிலையத்துக்குச் செல்லும் ஒன்பதாம் எண் மெட்ரோவில் இந்தச் சீட்டு செல்லாது; ஆனால் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படும் ரொடாலியஸ் ரயிலில் செல்லும். வெள்ளி இரவு இரண்டு மணி வரையிலும், சனி இரவு முழுவதும் மெட்ரோ ஓடுகிறது. கூட்ட நேரத்தில் பைகளை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். சாமர்த்தியமான ஜேப்படிக்காரர்களுக்குப் பெயர்போன நகரம் இது.

டாக்சிகளில் பச்சை விளக்கு எரிந்தால் அது காலியாக உள்ளது என்று பொருள். மாட்ரிட்டில் அவை வெள்ளை நிறத்தில் சிவப்புப் பட்டையோடும், பார்சிலோனாவில் கறுப்பும் மஞ்சளுமாகவும் இருக்கும். மாட்ரிட் விமான நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே நிலையான கட்டணம் விதிக்கப்பட்டிருப்பதால் பேரம் பேசத் தேவையில்லை.

ஐந்தாம் படி: கார் எடுப்பதானால்

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். அது அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். இலங்கையில் அதைச் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. இந்தச் சீட்டு உள்நாட்டு உரிமத்துக்குத் துணை ஆவணம்தான். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

வாடகை மேசையில் மூன்று செய்திகளைத் தெளிவாகக் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு? ஸ்பானிய மொழியில் இதை ‘ஃபிராங்கீசியா’ என்பார்கள். கடன் அட்டையில் எவ்வளவு பிணையாகப் பிடித்து வைப்பார்கள்? பல நிறுவனங்கள் டெபிட் அட்டையை ஏற்பதில்லை. எரிபொருள் நிரப்பிக் கொடுத்து, நிரப்பித் திருப்பும் முறையா? இந்தக் கடைசி முறையே நேர்மையானது; மற்றவற்றைத் தவிர்க்கலாம். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும், ஏனெனில் மலிவான கார்கள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை. 135 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ உயரமுள்ள குழந்தைகள் உரிய இருக்கையில், பின்புறம்தான் அமர வேண்டும் என்பது சட்டம். கிளம்புமுன் காரின் நான்கு பக்கங்களையும், சக்கர விளிம்புகளையும், முன்கண்ணாடியையும் காணொளியாகப் பதிவு செய்யுங்கள்.

சென்னையில் ஓட்டிப் பழகிய எனக்கு வலப்பக்கம் ஓட்டுவதில் நேர்ச்சாலை சிக்கலாக இருக்கவில்லை. ஆளரவமற்ற காலைவேளையில் எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியே திரும்பியபோதுதான் கை தானாக இடப்பக்கம் சென்றது. எதிரே வண்டி ஏதும் வராதபோது பழைய பழக்கம் தலைதூக்கும். எனவே ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ‘வலம்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாங்கள் இறுதிவரை அப்படித்தான் செய்தோம். ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. வெளியேற வேண்டுமானால் வெளித்தடத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். இடப்பக்கம் போக வேண்டிய இடங்களில் பல நேரம் முதலில் வலப்பக்கம் விலகி, ‘காம்பியோ தெ சென்தீதோ’ என்ற பலகை காட்டும் வழியில் சுற்றித் திரும்பச் சொல்வார்கள்.

நெடுஞ்சாலைகளில் மணிக்கு 120 கிலோமீட்டர், சாதாரண வெளியூர்ச் சாலைகளில் 90 என்பது பொதுவான வரம்பு. நகரத்துக்குள், 2021 முதல், ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடமுள்ள தெருக்களில் 30 மட்டுமே. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்தால் 200 யூரோ அபராதம். கேமரா பிடித்த அபராதங்கள் வாடகை நிறுவனத்தின் வழியாக உங்களைத் தேடி வரும். அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்க்கும். இருபது நாள்களுக்குள் செலுத்தினால் பொதுவாகப் பாதித் தொகை போதும்.

எரிபொருள் நிலையத்தில் நம்மவர்கள் ஏமாறும் சொல் ஒன்று உண்டு. ‘கசோலினா’ என்பது பெட்ரோல்; ‘கசோலியோ’ என்பது டீசல். ஒலி ஒற்றுமையை நம்பி மாற்றி நிரப்பிவிட்டால் எஞ்சினே கெட்டுப்போகும், காப்பீடும் கைகொடுக்காது. எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்த பிறகே குழாயைத் தொடுங்கள்.

சுங்கச்சாலைகள் முன்பைவிட மிகக் குறைந்துவிட்டன. ஒப்பந்தங்கள் முடிவடைந்ததால், பிரெஞ்சு எல்லையிலிருந்து பார்சிலோனா, வாலென்சியா வழியாக அலிகாந்தே வரை செல்லும் ஏபி-7 சாலையில் 2020, 2021 ஆண்டுகளில் சுங்கம் நீக்கப்பட்டது. மலாகாவுக்கு மேற்கேயுள்ள கடற்கரைப் பகுதியில் அது இன்னும் உண்டு; கோடையில் கட்டணம் உயரும்; அதற்கு இணையாக ஏ-7 என்ற இலவசச் சாலையும் செல்கிறது. சுங்கச்சாவடியில் ‘பியா-டி’ என்று மட்டும் எழுதியிருக்கும் தடம் மின்னணுக் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது, அதில் நுழைந்துவிடாதீர்கள்.

பழைய நகர மையங்களுக்குள் காரோடு செல்லவே கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கிரனாடாவில் அல்பைசின் மேட்டின் குறுகிய தெருக்களைக் கேமராக்கள் கண்காணிக்கின்றன. கைபேசி வழிகாட்டியை நம்பி அதற்குள் நுழைந்த நாங்கள், தங்கியிருந்த விடுதியார் அன்றே எங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து கொடுத்ததால்தான் அபராதத்திலிருந்து தப்பினோம். அதுபோன்ற இடங்களில் தங்குவதானால் முதல்நாளே விடுதியோடு பேசிவிடுங்கள். மாட்ரிட், பார்சிலோனா உள்ளிட்ட பெருநகரங்களில், அதிகம் புகை கக்கும் வண்டிகளைக் கட்டுப்படுத்தும் குறைந்த உமிழ்வு மண்டலங்கள் நடைமுறையில் உள்ளன. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுற்றுச்சூழல் வில்லை எந்த வகையைச் சேர்ந்தது என்று வாடகை மேசையிலேயே கேட்டு வையுங்கள்.

தெருவில் நீலக்கோடு என்றால் இயந்திரத்தில் வண்டி எண்ணை இட்டு, பணம் கட்டி நிறுத்தலாம். பச்சைக்கோடு முதன்மையாக அப்பகுதிவாசிகளுக்கு உரியது. மஞ்சள்கோட்டில் நிறுத்தக் கூடாது. பல சிற்றூர்களில் மதிய உணவு வேளையில் நீலக்கோட்டுக்கும் கட்டணம் கிடையாது. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். வண்டிக்குள் பையையோ கோட்டையோ கண்ணில் படும்படி விட்டுச் செல்லாதீர்கள். நெடுஞ்சாலையில், குறிப்பாகப் பார்சிலோனாவை ஒட்டிய பகுதிகளில், யாரேனும் உங்கள் சக்கரம் பழுதாகிவிட்டது என்று சைகை காட்டினால் உடனே ஓரங்கட்டாமல் எரிபொருள் நிலையம் வரை மெதுவாகச் சென்று நிறுத்துங்கள். உதவி செய்வதுபோல வந்து உடைமைகளைத் தூக்கிச் செல்லும் கும்பல்களின் பழைய உத்தி அது.

மலைப்பகுதிகளில் சில இடங்களுக்குக் கோடையில் சொந்த வாகனங்களை விடுவதில்லை. அஸ்தூரியாஸின் கோவதோங்கா ஏரிகளுக்குக் காங்காஸ் தெ ஒனீஸிலிருந்தும், பிரனீஸ் மலையின் ஒர்தேசா பள்ளத்தாக்குக்குத் தோர்லாவிலிருந்தும் பேருந்தில்தான் ஏற வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் ஊர்ப் பெயர்கள் இரு மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். சான் செபாஸ்தியானைத் தொனோஸ்தியா என்றும், பம்ப்லோனாவை இருன்யா என்றும் கண்டால் வழி தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். வெளியேறும் வழியைக் குறிக்கும் ‘சாலீதா’ கத்தலோனியாவில் ‘சொர்தீதா’, பாஸ்க் நாட்டில் ‘இர்தேரா’, கலீசியாவில் ‘சயீதா’ என்று மாறும்.

காரைத் திருப்பும் நாளில், ஒப்படைக்கும் இடத்துக்கு அருகிலேயே எரிபொருள் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, பழுதில்லை என்று எழுதிக் கொடுக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள். அலுவலகம் பூட்டியிருந்து சாவியைப் பெட்டிக்குள் போட வேண்டியிருந்தால், எடுத்த அன்று செய்ததைப்போலவே காணொளி எடுத்து, நேரமும் எரிபொருள் அளவும் தெரியும்படி முகப்புப் பலகையையும் பதிவு செய்யுங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், அடுத்த ரயிலின் சீட்டை அதற்கேற்ற இடைவெளி விட்டே எடுத்திருக்க வேண்டும்.